கையை எடுக்காத இருபது நிமிடம்

வெள்ளிக்கிழமை காலை, பத்து மணி பன்னிரண்டு நிமிடம். திறந்த பானெட்டுக்குள் குனிந்து நிற்கிறேன். என் வலது கை கார்பரேட்டர் லீவரைப் பிடித்திருக்கிறது. எஞ்சின் அலறுகிறது.

எனக்குப் பின்னால், செஞ்சி கடைவீதி ஜவுளிக்கடை முதலாளி தனசேகர். ஒரு கையால் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் முதுகில் தட்டுகிறார். அவருக்குப் பக்கத்தில் பூசாரி கற்பூரத் தட்டோடு நிற்கிறார். வண்டியைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

தலையைத் திருப்பினேன். தனசேகர் “நிறுத்துய்யா!” என்று கத்துவது வாய் அசைவில் தெரிந்தது. காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

வேலை கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்காமல் நின்றது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். ஏன் நின்றேன் என்று புரிய வேண்டுமானால் அந்த வண்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மச்சான் வண்டி ஏழாயிரம் சுற்றும்

சிவப்புப் பெயின்ட், நீண்ட மூக்கு, இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு குடை வைக்க இடமில்லை. யாரோ ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை மலைப்பாதையில் பந்தயம் விட்ட கார். அவர் போன பிறகு பல வருடம் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றதாம். என்னிடம் வந்தபோதும் சீட்டுக்கு அடியில் இறகு இருந்தது.

தனசேகர் அதை வாங்கியதற்குக் காரணம், சென்னையில் இருக்கும் அவருடைய மச்சானிடம் அதே மாதிரி ஒரு பழைய பந்தய கார் இருந்தது. வேறு காரணம் இருந்தால் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு நான் கடமைப்பட்டிருப்பேன். கார் ஓட்டும் ஆசை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடையிலிருந்து பஸ் நிலையம் வரை முதல் கியரிலேயே போய், வருடத்துக்கு ஒரு கிளட்சைத் தீய்த்து என்னிடம் கொண்டுவருகிறவர் அவர்.

“எட்டாயிரம் சுத்தணும் ஏழுமல” என்றார். எஞ்சின் நிமிடத்துக்கு எட்டாயிரம் தடவை சுழல வேண்டும் என்று அர்த்தம். அந்தத் துரை ஓட்டியபோதே அது ஆறாயிரத்துக்கு மேல் போயிருக்காது.

எதற்கு எட்டாயிரம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதையெல்லாம் எழுதினால் இந்தக் கதை முடியவே முடியாது.

என் மனைவி செல்வி கேட்டாள். எங்கள் ஒர்க்‌ஷாப்பின் முன்பக்கத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவள் அவள்தான்.

“எட்டாயிரம் சுத்தினா எங்க போயி நிப்ப மொதலாளி? திருவண்ணாமலையிலயா?”

“மச்சான் வண்டி ஏழாயிரம் சுத்துதும்மா” என்றார் தனசேகர்.

அவ்வளவுதான். நான்கு மாத வேலைக்கு அஸ்திவாரம் அந்த ஒரு வரி.

எனக்குப் பேச்சு வராது

சிங்கவரம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். பதினாறாம் வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும். எழுந்து நின்று சொல்லச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மக்கு என்று முடிவு கட்டினார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. பேச வந்திருந்தால்தான் மக்கு இல்லையே.

ஒர்க்‌ஷாப்பில் அந்தத் தொல்லை இல்லை. எஞ்சின் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாது. அதுதான் பேசும், நாம் கேட்டால் போதும். உள்ளே டேப்பெட் தட்டும் சத்தத்தை வைத்து எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவேன். அதையும் செல்வியிடம்தான் சொல்வேன். அவள் வண்டிக்காரரிடம் சொல்வாள். எங்கள் குடும்பம் நடக்கிற விதம் இது.

கேட்டை இறக்குவதற்குள்

எஞ்சினின் தலையில் வால்வு என்று ஒன்று இருக்கிறது. கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலும் காற்றும் உள்ளே வர ஒரு கதவு, புகை வெளியே போக ஒரு கதவு. கேம் ஷாஃப்ட் என்ற தண்டில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். மேடு சுழன்று வந்து தள்ளும்போது கதவு திறக்கும். மேடு விலகியதும் ஸ்பிரிங் இழுத்து மூடும்.

வேகம் ஏற ஏற ஸ்பிரிங் திணறும். ஓர் அளவுக்கு மேல் போனால், கதவு மூடுவதற்குள் கீழேயிருந்து பிஸ்டன் ஏறி வந்து அதன் மேல் மோதும். திண்டிவனத்தில் ரயில் வருகிற நேரத்தில் கேட்டை இறக்கத் தாமதமானால் என்ன ஆகும்? அதுதான் இங்கும் ஆகும்.

இதற்கு இரண்டு வழி. ஸ்பிரிங்கைப் பலமாக்கலாம். அல்லது கதவையும் அதைத் தள்ளுகிற உறுப்புகளையும் இலேசாக்கலாம். முதல் வழிக்குப் பணம் போதும். இரண்டாவது வழிக்குக் கை வேண்டும்.

தனசேகருக்குப் பெங்களூரில் ஓர் ஆலோசகர் இருந்தார். நேரில் வந்ததே இல்லை. போன் திரையில் வருவார். முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறையப் பரிசுக் கோப்பைகள். கையில் ஒரு ஸ்பானரை நான் பார்த்ததில்லை. அவர் வெளிநாட்டு ஸ்பிரிங் எட்டு வரவழைத்து அனுப்பினார். நெல் லாரிக்கு அடியில் வைத்தாலும் தாங்கும், அவ்வளவு கெட்டி.

திருகி இறுக்கும் வைஸில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். கதவு முழுதாகத் திறக்க இன்னும் ஒரு தீக்குச்சி கனம் பாக்கி இருக்கும்போதே ஸ்பிரிங்கின் சுருளும் சுருளும் முட்டிக்கொண்டன. அதற்கு மேல் போனால் கதவைத் தள்ளுகிற நீளக் கம்பிதான் வளையும். செல்வி அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

“ஓட ஓட செட் ஆயிடும்” என்று பதில் வந்தது.

எஞ்சினில் ஓட ஓடத் தேயும், ஓட ஓட உடையும். ஓட ஓட செட் ஆனதை நான் கண்டதில்லை. கோப்பை அலமாரிக்குள் அப்படி நடக்கலாம்.

அந்த ஸ்பிரிங்குகளை ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். கோயம்புத்தூரில் அளவு சொல்லி, ஒன்றுக்குள் ஒன்றாக உட்காரும் இரட்டை ஸ்பிரிங் சுருட்டி வாங்கினேன். ஸ்பிரிங்கின் தலையில் உட்காரும் இரும்புத் தொப்பிகளுக்குப் பதிலாக, லேத் பாபு கெட்டி அலுமினியத்தில் கடைந்து கொடுத்தார். வால்வைத் தள்ளும் ராக்கர்கள் எட்டையும் நானே அரத்தால் ராவினேன். எட்டும் ஒரே எடை இருக்க வேண்டும். அதற்குக் கடைவீதியில் ஒரு நகைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

“தாலிக்குண்டு நிறுக்கற தட்டுல இன்னாத்தப்பா வைக்கற?” என்று கடைக்காரர் முகம் சுளித்தார். ஐந்தாவது ராக்கர் ஒரு நெல்லெடை கூடுதல் என்று கண்டுபிடித்ததும் அவருக்கே சுவாரசியம் வந்துவிட்டது. இன்னும் ராவிக்கொண்டு வா என்று அனுப்பினார்.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. பிஸ்டன் தலையில் எண்ணெய் தடவி, செல்வி பிசைந்து கொடுத்த சப்பாத்தி மாவை அப்பி, எஞ்சினை மூடிக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினேன். திறந்து, வால்வு பதிந்த இடத்தைக் கத்தியால் வெட்டிக் கனம் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். போதும்.

ஆலோசகர் திரையில் சிரித்தார். “சப்பாத்தியா?”

“ஆமா சார், குருமாவும் இருக்குது, அனுப்பட்டா?” என்றாள் செல்வி.

கிளப்பி அணைப்பது

இனிதான் விஷயம்.

எங்கள் ஊரில் எந்த எஞ்சினையும் வேலை முடிந்த கையோடு கிளப்புவதில்லை. காலண்டர் தாளில் நல்ல நேரம் பார்க்க வேண்டும். பூமாலை வரவில்லை, ஆட்கள் வரவில்லை என்றாலும் பாதகமில்லை. நல்ல நேரம் முடிவதற்குள் ‘சும்மா ஒரு தபா’ கிளப்பி உடனே அணைத்துவிட்டால் சாஸ்திரம் தீர்ந்தது. அப்புறம் சாவகாசமாகப் பூசை, எலுமிச்சம்பழம், போட்டோ எல்லாம் நடக்கும். டிராக்டர், மல்லாட்டைக் கடலை உடைக்கும் மிஷின், கிணற்று எஞ்சின் எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். நானே நூறு எஞ்சினுக்கு மேல் அப்படிக் கிளப்பி அணைத்திருக்கிறேன். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, பழகிய கேம்கள்.

இந்த வண்டியின் கேம், வால்வு கூடுதலாகத் திறக்கும்படி புதிதாகச் சாணை பிடித்தது. அதற்கு எண்ணெய் குழாய் வழியாக வராது. கீழே சுழலும் கிராங்க் தண்டு வாரி அடிக்கும் எண்ணெய்தான் அதன் மேல் விழ வேண்டும். மெதுவாகச் சுழன்றால் எண்ணெய் அவ்வளவு உயரம் ஏறாது. புது மேடும் அதன் மேல் உரசும் டேப்பெட்டும் ஒன்றோடொன்று பழகுவது முதல் இருபது நிமிடத்தில்தான். கிளப்பிய நொடியிலிருந்து இரண்டாயிரம் சுற்றுக்கு மேல், அணைக்காமல் ஓட வேண்டும். பாரம் குறையட்டும் என்று அந்த ஓட்டத்துக்கு உள் ஸ்பிரிங்கைக்கூட நான் போடவில்லை. கிளப்பி அணைத்தால் மேட்டின் மேல் நான் தடவியிருக்கும் மசகுப் பசை வழிந்துபோகும், மேல் தோல் உரியும். அந்தத் தண்டை மறுபடி சாணை பிடிக்க அதில் தோல் மிச்சமில்லை. இன்னொரு தண்டு வாங்க வேண்டுமானால் அந்தத் துரையைத்தான் எழுப்ப வேண்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு முறை கெடுத்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன்பு ஒரு ஜீப்புக்குப் புதுக் கேம் போட்டு, ஊர் வழக்கப்படி கிளப்பி அணைத்தேன். ஒரே வாரத்தில் மேடு கோலிக்குண்டு மாதிரி உருண்டையாகி, அரைபட்ட இரும்புத்தூள் எஞ்சின் முழுவதையும் தின்றுவிட்டது. அந்த ஜீப்காரர் இன்றைக்கும் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டால் பக்கத்தில் இருப்பவரிடம் “இவன்தான்” என்பார். இரண்டாவதாக ஒருவர் அப்படிச் சொல்ல ஆரம்பித்தால் நான் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் தனசேகர் வந்தார்.

“நாளைக்கு ஒம்பதேகால்லருந்து பத்தேகால் வரைக்கும் நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம். மெட்ராஸ்காரங்க எப்ப வருவாங்களோ தெரியாது. வந்தவொடன ஒரு தபா கெளப்பு, அணை. அப்பால பேசிக்கினு, படையல் போட்டுக்கினு, ராகு போனதும் மறுபடி கெளப்பலாம்.”

செல்விதான் ஆரம்பித்தாள். “கெளப்பினா இருவது நிமிஷம் அணைக்கக் கூடாதாம் மொதலாளி. எங்க வூட்டுக்காரு சொல்றாரு.”

“ஏன், அவன் வாயில இன்னா கொழுக்கட்டையா?”

“கேம் போயிடும் மொதலாளி” என்றேன்.

“ஒரு நிமிஷம் ஓடினா இன்னாய்யா ஆயிடும்?” என்று போனைத் தட்டினார். ஆலோசகர் வந்தார், கோப்பைகளும் வந்தன.

“ஜஸ்ட் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணுங்க சார். நோ ப்ராப்ளம்.”

“கேட்டுக்கினியா?” என்றார் தனசேகர் என்னிடம்.

“கெளப்பறேன் மொதலாளி” என்றேன். அவர் போய்விட்டார்.

செல்வி ஷட்டர் கொக்கியைக் கீழே போட்டாள். “நாலு மாசம். மாவு வேற பிசஞ்சு குடுத்தேன். கடைசியில தலைய ஆட்டிட்டியா?”

“கெளப்பறேன்னுதான் சொன்னேன். அணைக்கறேன்னு சொல்லல.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, “ரேடியேட்டர் சூடாவுமே, தண்ணி ட்யூப் எடுத்து வைக்கட்டா?” என்றாள்.

பத்து பன்னிரண்டு முதல்

சென்னைக்காரர்கள் பத்து மணி பத்து நிமிடத்துக்கு வந்து இறங்கினார்கள். பின்னால் கோட்டை மலை தெரியும்படி நின்று ஒருவரை ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தனசேகர், “டயம் ஆவுது, கெளப்பு, கெளப்பு” என்று பறந்தார். கிளப்பினேன். லீவரை இழுத்தேன். இரண்டாயிரத்து ஐந்நூறு.

சில விநாடி எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு நான் அணைப்பதற்காகக் காத்திருந்தார்கள். பிறகு காதைப் பொத்தினார்கள்.

எனக்கு வசதியாகப் போயிற்று. என்னிடம் யாரும் விளக்கம் கேட்க முடியாது. கேட்டாலும் காதில் விழாது. ஊரே சேர்ந்து என்னைத் திட்டியிருந்தாலும் அந்த இருபது நிமிடம் நான் செவிடன்.

ஆனால் பயம் இருந்தது. தனசேகரைப் பற்றிய பயமில்லை. ‘டிக், டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் தீர்ந்தது, மேடு உரிகிறது என்று அர்த்தம். அந்த அலறலுக்குள் அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன். ஜீப்பில் அதை நான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தவன்.

ஐந்தாவது நிமிடம் பூசாரி தன் கைக்கடிகாரத்தை என் மூக்குக்கு நேராகக் காட்டினார். எட்டாவது நிமிடம் கற்பூரம் எரிந்து முடிந்தது. வேறு ஏற்றினார். தனசேகர் என்னை விட்டுவிட்டு டேஷ்போர்டில் இருந்த சுவிட்சை நோக்கிப் பாய்ந்தார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த செல்வி திரும்பினாள். ட்யூபும் அவளோடு திரும்பியது. பட்டு வேட்டி தொடையோடு ஒட்டிக்கொண்டது. கை தவறிவிட்டது என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

பத்தரை ஆனது. ராகு காலம் பிறந்தது. தனசேகர் ஈர வேட்டியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். பத்து முப்பத்திரண்டுக்கு லீவரை விட்டேன். சுவிட்சை நானே அணைத்தேன்.

திடீரென்று காக்கை கத்துவதெல்லாம் கேட்டது.

“ராகு காலத்துல எவனாவது வண்டிய ஓட்டுவானாடா?” என்றார் தனசேகர். வேட்டி நுனியைப் பிழிந்தார். மச்சானும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

யாரும் எதிர்பாராமல் பூசாரி வாயைத் திறந்தார். தேங்காய் உடைக்காமல் போனால் தட்சிணை போய்விடும் என்ற கவலையாக இருக்கலாம்.

“கோவப்படாதீங்க மொதலாளி. நல்ல நேரத்துல எறங்கி, ராகுவையே ஏறி மிதிச்சுக்கினு வந்துட்டுது வண்டி. இனிமே இதுக்கு எங்கியும் தடங்கல் கெடையாது.”

சென்னைக்காரர்கள் இன்னொரு தடவை கைதட்டினார்கள். ஒரு பெண்மணி, இது செஞ்சியின் பழைய சம்பிரதாயமா என்று கேட்டார்.

“ஆமாங்க” என்று தனசேகர் எழுந்தார். முகம் தெளிந்துவிட்டது. “எங்க வழக்கமே இதான். நாந்தான் ஏழுமலகிட்ட சொல்லி வச்சிருந்தேன்.”

“குட் ப்ராக்டிஸ்” என்றது ஆலோசகர் இருந்த போன் திரை.

எல்லோரும் டிபன் சாப்பிடப் போனார்கள். எஞ்சின் ஆறட்டும் என்று மதியம் முழுவதும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சூட்டோடு அளந்தால் அளவு பொய் சொல்லும். நன்றாக ஆறிய பிறகு மூடியைக் கழற்றி, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தேன். மேடு தேய்ந்திருந்தால் இடைவெளி கூடியிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று. தகடு காலையில் எவ்வளவு இறுக்கமாக நுழைந்ததோ அதே இறுக்கம். எட்டாவது வால்வில் தகட்டை இரண்டு தடவை நுழைத்துப் பார்த்தேன். அதே இறுக்கம்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னா ஆச்சு?” என்று ஓடி வந்தாள் செல்வி.

“ஒண்ணும் ஆவல” என்றேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

உள் ஸ்பிரிங்குகளைப் போட்டுக் கொடுத்தேன். பந்தயத் தடத்தில் வண்டி எட்டாயிரத்தைத் தொட்டதாம். ஓட்டியது தனசேகர் அல்ல, மச்சானின் டிரைவர். இங்கிலீஷ் பத்திரிகையில் படம் வந்தது. தனசேகர், வண்டி, ஆலோசகர் மூன்று பேரும் இருந்தார்கள். என் பெயர் இல்லை. படத்தைச் சுவரில் மாட்ட ஆணி அடிக்கிற வேலை மிச்சம்.

ஆனால் செஞ்சியில் என் பெயர் வேறு விதமாகப் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆனால் என் ஒர்க்‌ஷாப் வாசலில் டிராக்டர் நிற்கிறது, மண் அள்ளும் மிஷின் நிற்கிறது. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்கள். பத்து பன்னிரண்டுக்குக் கிளப்பி, இருபது நிமிடம் அலறவிட்டு, ராகுவைத் தாண்ட வேண்டுமாம். பூசாரி அழைக்காமலே வந்துவிடுகிறார். தெருவில் கன்றுக்குட்டிகள் மிரண்டு ஓடுகின்றன. எவ்வளவு டீசல் புகையாகப் போகிறது என்று எவனும் கேட்கவில்லை. கேமுக்காகத்தான் ஓட்டினேன் என்று சொல்லிப் பார்த்தேன். “அதான், அந்த ராகு கேமு” என்றார் ஒருவர்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தொண்டூரிலிருந்து ஒருவர் பேட்டரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

“அண்ணே, இதுக்கும் அந்த ராகு ஓட்டம் ஒண்ணு ஓட்டிக் குடுங்க.”

“இதுல எஞ்சினே இல்லீங்களே” என்றேன். என் அளவுக்கு அது ஒரு சொற்பொழிவு.

“நான் காலேஜ்ல பிசிக்ஸ் படிச்சவன், எனக்குத் தெரியாதா? ஜவுளிக்கடைக்காரரு வண்டின்னா ஓட்டுவீங்க, தொண்டூர்க்காரன் வண்டின்னா ஓட்ட மாட்டீங்களா?”

ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டேன். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, காலண்டரைப் பார்த்து, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தேன். பின்சக்கரம் காற்றில் சுழன்றது. புகை இல்லை, சத்தம் இல்லை. கடைக்குள் செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது ஓர் இம்மி விடாமல் கேட்டது. பிசிக்ஸ் படித்தவர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்.

ஊரிலிருந்து ஓட்டி வந்ததில் பேட்டரி ஏற்கெனவே தீரும் நிலையில் இருந்தது. பத்தரை தாண்டி ஒரு நிமிடத்தில் சக்கரம் தானாக நின்றது.

“தாண்டிட்டுதா?” என்றார் கண்ணைத் திறந்து.

“தாண்டிட்டுது” என்றேன்.

பரம திருப்தி அவர் முகத்தில். வண்டியை எங்கள் கடையில் சார்ஜ் போட்டுவிட்டு, தொண்டூர் பஸ் ஏறிப் போனார்.